தட்டில் பன்னிரண்டு ஓட்டை

இன்று காலை கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். மூடியைத் திருகியதுமே அந்த வாசம் வந்தது. உங்கள் சட்டைக் கையிலும் தலையணை உறையிலும் முப்பது வருடம் ஒட்டிக்கொண்டிருந்த அதே வாசம். எத்தனை சோப்புக் கட்டியைத் தேய்த்துக் கரைத்திருப்பேன், போகவே போகாது. இப்போது அது என் விரலில் இருக்கிறது. கழுவ மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். காகித ஓரத்தில் கறை தெரிந்தால் திட்டாதீர்கள்.

மனு எழுதிப் பழகிய கை இது. நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யாருடைய கூரை ஒழுகினாலும், ரேஷன் கார்டில் யாருடைய பெயர் தப்பாக விழுந்தாலும், "அக்கா, ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க" என்று நம் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் மூன்றும் போடாமல் எனக்குப் பேனா நகராது. உங்களுக்கு எழுத, பெறுநர் முகவரிக்கு நான் எங்கே போவேன்? அதை விட்டுவிடுகிறேன். பொருளை மட்டும் சொல்கிறேன். வீட்டு வேனா, டிரெய்லரா என்று நாம் போட்ட சண்டை.

அந்தச் சண்டையைத் தொடங்கி வைத்தது ஒரு வெளிநாட்டுத் தம்பதி. எனக்கு ஓய்வு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. டீ பாக்டரியில் தூள் சலிக்கிற வேலையை முடித்துவிட்டு, முக்காட்டுத் துணியை உதறிக்கொண்டு வந்தேன். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தீர்கள்.

"ஏ புள்ள, சித்திரபுரம் ரோட்டுல ஒரு வீடு வந்து நிக்குது. வீடுன்னா வீடு. அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, கக்கூசுகூட இருக்கு. முன்னால பாத்தா ஸ்டீரிங்கு!"

"யாரு வீடு?" என்றேன்.

"வெள்ளக்காரப் புருசன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் நம்ம வயசுதான். எவனும் அவுகளக் காலி பண்ணச் சொல்ல முடியாது பாரு. சொன்னா, ஓட்டிட்டுப் போயிருவாக."

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காலி பண்ணுவது என்ற சொல் அப்போது நம் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி கூடவே இருந்தது. வேலை என் பேரில், வீடும் என் பேரில். வேலை முடிகிற அன்றைக்குச் சாவியை ஆபீசில் வைத்துவிட வேண்டும். என் அம்மா அப்படித்தான் வைத்தாள். பிறகு தேனியில் தம்பி வீட்டு ஹாலில் ஒரு பாயோடு எட்டு வருடம் இருந்தாள். அங்கே அவளை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் டிவி பார்க்க யாராவது வந்தால் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். நம் மகள் ஈரோட்டிலிருந்து, "ரெண்டு பேரும் இங்க வந்துருங்கம்மா, ஹால் பெருசுதான்" என்று ஆசையாகத்தான் கூப்பிட்டாள். ஹால் என்ற சொல்லைக் கேட்டதும் நான் போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போதே நீங்கள் முடிவுக்கு வந்துவிட்டீர்கள். சக்கரம் வைத்த வீடு ஒன்று செய்துகொள்வது. மழைக்காலம் முழுக்கக் கீழே பாலக்காட்டுப் பக்கம், கோபாலபுரத்துத் தென்னந்தோப்பில். மழை விட்டதும் மேலே மலையில், நம் சித்திரபுரத்தில். இதில் நமக்குள் சண்டையே இல்லை. எப்படிப்பட்ட சக்கர வீடு என்பதில்தான் வந்தது வினை.

உங்களுக்கு அந்த வெள்ளைக்காரருடையது மாதிரி வேண்டும். எஞ்சினும் வீடும் ஒரே உடம்பாக. "ஒரே வண்டி, ஒரே பேப்பர். ரிவர்ஸ் எடுக்கச் சுளுவு. கொண்டை ஊசி வளைவுல வால் ஆடாது." இப்படி அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னீர்கள். "நான் ஸ்டீரிங்ல இருக்கணும். பின்னால நீ டீ போடணும். அந்த வாசம் ஸ்டீரிங் வரைக்கும் வரணும்."

"ஓடுற வண்டியில அடுப்பா? மூஞ்சி வெந்துரும்" என்றேன்.

"சரி, நிறுத்துன வண்டியிலதான் போடேன்."

எனக்கு டிரெய்லர்தான் வேண்டும். வீடு தனி, இழுக்கிற பிக்கப் தனி. என் கட்சிக்கு அந்தத் தம்பதியே சாட்சி. அவர்களுடைய அவ்வளவு பெரிய வேன் எஸ்டேட் பாதைக்குள் நுழையவில்லை. மலை பார்க்க அவர்கள் ஏறியது நீங்கள் சவாரி ஓட்டுகிற பிக்கப்பில்தானே? "ஒரு பாக்கெட் பால் வாங்கணும்னாலும் வீட்டையே ஓட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிச் சொல்லி உங்களை வெறுப்பேற்றினேன். ஆனால் உள்ளே இருந்தது பால் அல்ல. ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன்.

"எஞ்சின் படுத்துச்சுன்னா வீடும் வொர்க்‌ஷாப்புல போய்ப் படுக்கும். வேலையையும் வீட்டையும் ஒண்ணாக் கட்டி வச்சுத்தான் இத்தன வருசம் பட்டோம். திரும்பவும் ஒண்ணோட ஒண்ணக் கட்டணுமா? எனக்கு வீடு தனியா வேணுங்க."

நீங்கள் வழக்கம்போலக் கேலிக்குத் தாவினீர்கள். "டிரெய்லர் நம்மள மாதிரி புள்ள. ரிவர்ஸ்ல ஸ்டீரிங்க இடது பக்கம் ஒடிச்சா, அது வலது பக்கம் போகும்" என்றீர்கள். லயத்தில் பாதிப் பேர் உங்கள் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். குழாயடியில் என்னைப் பார்த்தாலே, "என்னக்கா, வேனா டிரெய்லரா?" என்பார்கள். ஆறு மாதம் ஓடியது. விட்டுக்கொடுக்கிற ஆளா நீங்கள்? நான் மட்டும் விடுவேனா?

பஞ்சாயத்துக்கு நாம் போனது கோபாலபுரத்துக்கு, அந்தத் தோப்புக்காரரும் லாரிக்குப் பாடி கட்டுகிறவருமான மயில்சாமியிடம். மனிதர் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க்கா, ரெண்டுமே பண்ணிப்போடலாமுங். ஆனா டிரெய்லருன்னா, பின்னால கொக்கி போட்டு இழுக்கறது வேண்டாமுங். மலையில வாலு ஆட்டிப்போடும். கன்டெய்னர் லாரியப் பாத்திருப்பீங்கல்ல? அதாட்ட, பிக்கப்புக்குள்ள பின்சக்கரத்துக்கு நேர் மேல ஒரு தட்டு. ஊட்டோட கழுத்து அதும் மேல வந்து உக்காந்துக்கும். பிப்த் வீலும்பாங்க. ஆடாதுங்." வீட்டின் கழுத்தில் தொங்குகிற ஒரு தடித்த முளை அந்தத் தட்டின் வாய்க்குள் போய் விழுந்து பூட்டிக்கொள்ளும் என்று கையாலேயே செய்து காட்டினார். நான் உங்களைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். நீங்கள் தென்னை மரத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. வண்டிக்கு டயர் பார்க்க வேண்டும் என்று கோதமங்கலத்துக்குத் தனியாகப் போனீர்கள். சாயங்காலம் டயர் இல்லாமல் வந்தீர்கள். முகம் கழுவினீர்கள். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சரி புள்ள. நீ சொன்னதே செய்வோம். டிரெய்லர்" என்றீர்கள்.

நான் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருடத்தில் நீங்கள் தோற்று நான் பார்த்ததே இல்லை. சேமியா பாயசம் வைத்தேன். நீங்கள் இரண்டு டம்ளர் குடித்தீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்பி, "அவுக ஒத்துக்கிட்டாக" என்று சொல்லச் சொன்னேன். மறுநாள் காலை வேலைக்கு மஸ்டரில் பேர் கொடுக்க நின்ற கூட்டமே கை தட்டியது. அந்தக் கைதட்டல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வீடு கட்டுகிற வேலைக்காக வாரம் ஒரு தடவை கோபாலபுரத்துக்கு இறங்கினோம். தோப்பில் கயிறு போட்டு அளவு காட்டினோம். நம் கை வேறு எதைக் காட்டும்? லயத்து அறையைத்தான் காட்டியது. அடுப்பு இந்தப் பக்கம், கட்டில் அந்தப் பக்கம், சாமி படம் கிழக்கே, கதவு வலது கைப் பக்கம். மயில்சாமி தலையைச் சொறிந்துகொண்டு, "கதவு அந்தப் பக்கமுங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். ஆறு மாதம் சண்டை போட்டவர்கள் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். முழுத் தப்பு. ரோட்டில் இடது ஓரமாக நிறுத்தினால் நம் கதவு நடு ரோட்டைப் பார்த்துத் திறக்கும் என்று, வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய உங்களுக்கே தோன்றவில்லை. முதல் பயணத்தில் உடுமலைக்கு முன்னால் நிறுத்தி நான் கதவைத் திறந்தேன். பொள்ளாச்சி பஸ் ஒன்று கதவை உரசிக்கொண்டு போனது. டிரைவர் என் பரம்பரையையே திட்டினார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "நாம வண்டி செய்யல புள்ள. லயத்தச் செஞ்சு வச்சிருக்கோம்." மயில்சாமி இடது பக்கம் புதுக் கதவு வெட்டிக் கொடுத்தார். பழைய கதவு ஜன்னலாகிவிட்டது. இன்றைக்கும் அரைத்தூக்கத்தில் எழுந்தால் அந்த ஜன்னலில்தான் போய் முட்டிக்கொள்கிறேன்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிக்கப்புக்குள் அதைப் பொருத்த நான்கு போல்ட் போதும். தட்டிலோ பன்னிரண்டு ஓட்டை இருந்தது. எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"மழைத் தண்ணி தேங்கக் கூடாதுல்ல" என்றீர்கள்.

நம்பினேன். தேயிலைத் தூளை ஒரு கண்ணால் பார்த்து ரகம் சொல்கிறவள் நான். உங்கள் முகத்தை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு நம்பினேன்.

என் கடைசி வேலை நாளன்று நாம் சேர்ந்துதான் ஆபீசுக்குப் போனோம். சாவியை மேசைமேல் வைத்தேன். கிளார்க் ரசீது எழுதினார். வெளியே வந்தால், ரோட்டோரத்தில் நம் வீடு பச்சைப் பெயின்டில் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாய் எங்க?" என்று கேட்டீர்கள். எதற்கு என்றேன். "ஒண்ணுமில்ல. சுருட்ட வேண்டாம்னு சொல்லத்தான்." அம்மாவின் பாயைப் பற்றி நான் உங்களிடம் எப்போதோ ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.

அதற்கப்புறம் நமக்குக் கிடைத்தது ஒன்றேகால் வருடம். ஆனியில் இறங்கினோம், கார்த்திகையில் ஏறினோம், மறுபடி ஆனியில் இறங்கினோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மலையாளத்தில் அதே கேள்வி, வீடு எங்கே என்று. "வீடு எவிடெயா சேட்டா?" நீங்கள் கட்டை விரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுவீர்கள். "தோ, பின்னால வருது சாரே." ஒவ்வொரு முறையும் ஏதோ புதிதாகச் சொன்ன மாதிரி என் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள். நானும் சளைக்காமல் சிரித்தேன்.

ஒன்றில் மட்டும் உங்கள்மேல் எனக்கு எரிச்சல். டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டுகிற வேலை, கழற்றுகிற வேலை இரண்டையும் என் தலையில் கட்டினீர்கள். "முதுகு பிடிச்சிருக்கு" என்று சொல்லி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்வீர்கள். கிரீஸ் தடவு, கழுத்தை இறக்கு, முளையைப் பார், போல்ட்டை முடுக்கு. புடவையெல்லாம் கறை. நான் முணுமுணுத்தால், "கண்ண நம்பாத புள்ள, காத நம்பு. லாக் விழுந்த சத்தம் கேக்காம வண்டியில ஏறாத" என்பீர்கள். 'டக்' என்று அந்தச் சத்தம் வரும்வரை உங்கள் முகத்தில் ஒரு கவலை இருக்கும். வண்டியைப் பற்றிய கவலை என்றுதான் நான் நினைத்தேன்.

நீங்கள் போனது ஆவணியில், தோப்பில், காலை ஏழு மணிக்கு. பல் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

மகள் வந்து என்னை ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை. ஹாலில் எனக்குக் கட்டிலே போட்டிருந்தாள், பாய்கூட இல்லை. நாற்பது நாள் இருந்தேன். ஒரு நாள் மருமகனுடைய நண்பர்கள் வந்தார்கள். நான் என்னை அறியாமல் போர்வையை மடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டேன். அவள் அழுதாள். "வீட்டுக்குப் போறேன்டி" என்றேன். "எந்த வீட்டுக்கும்மா? அத ஓட்ட அப்பா இல்லையே" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. உங்கள் பிக்கப்பை அதற்குள் விற்றாயிற்று. ஓட்டாமல் நிற்கிற வண்டி துருப்பிடித்துவிடும் என்று நீங்களே சொல்வீர்கள். தட்டை மட்டும் கழற்றி வீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார் மயில்சாமி. கழுத்தை நீட்டிக்கொண்டு தோப்பில் நின்ற நம் வீட்டைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இனி இது நகராது. மேலே மழை விட்டாலும் நமக்குச் சித்திரபுரம் இல்லை. இந்தத் தோப்போடு சரி.

அப்போதுதான் முருகேசன் வந்தான். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வட்டவடைக் காய்கறியை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கு இறங்குகிறவன், காலி வண்டியாகத் திரும்பி மேலே போகிறவன். பொள்ளாச்சியிலிருந்து நேராகத் தோப்புக்குள் வண்டியை விட்டான்.

"அக்கா, மேல மழ விட்டுருச்சு. கெளம்புவோமா?"

"எதுலப்பா கெளம்புறது? உன் வண்டியில தட்டு எங்க மாட்டுறது?"

அவன் தன் பிக்கப்பின் பின்கதவை இறக்கி, தரையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டினான். உள்ளே தகட்டில் நான்கு ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் மூடி. மூடிகள்மேல் பழைய அழுக்கு. நேற்றுப் போட்ட ஓட்டை இல்லை. அவனும் மயில்சாமியும் தட்டைத் தூக்கி வைத்தார்கள். தட்டில் உங்கள் வண்டிக்குப் போட்ட நான்கு ஓட்டைக்குப் பக்கத்து நான்கு, அவன் வண்டித் தகட்டின் நான்குக்கும் நேராக வந்து உட்கார்ந்தது. நான் போல்ட்டை விட்டேன். நான்கும் தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கின.

"எப்படா போட்ட இத?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் ஆச்சுக்கா. அண்ணந்தான் போடச் சொன்னாரு. எதுக்குண்ணேன்னேன். 'நான் இல்லாட்டியும் வீடு நிக்கக் கூடாதுடா'ன்னாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மிச்ச நாலு செல்வனுக்குக்கா. நான் மேல காலியாப் போறவன். அவன் பொள்ளாச்சியில இருந்து மாட்டுத் தீவனத்த மேல கொண்டு போய் இறக்கிட்டு, கீழ காலியா வர்றவன். யாரும் உங்களுக்காகத் தனியா வண்டி எடுக்க வேண்டாம், நீங்க யாருக்கும் கடமப்பட வேண்டாம்னு அண்ணன் கணக்குப் போட்டு வச்சிருந்தாரு."

நான் மயில்சாமியைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோதமங்கலத்துல டாக்டர் இதயம் சரியில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க்கா. டயர் பாக்கப் போனேன்னு சொன்னாருங்கல்ல, அன்னிக்குத்தானுங். எங்கிட்ட வந்து சொன்னாருங். வேனு கட்டினா, ஓட்டறவன் போனா ஊடே நின்னுபோகும், டிரெய்லரே கட்டுன்னாருங். அக்காட்டச் சொல்லிப்போடுங்கன்னேன். சொன்னா, சண்டைய விட்டுப்போட்டு மக ஊட்டுக்குப் போலாம்பான்னாருங்."

ஆறு மாதம் என் வாய்க்கு அசையாத நீங்கள், ஒரு டாக்டர் சொன்ன சொல்லுக்கு அசைந்திருக்கிறீர்கள். நான் ஜெயித்தேன் என்று பாயசம் வைத்த அன்றைக்கு, நீங்கள் எதைத் தெரிந்துகொண்டு வந்து அந்த இரண்டு டம்ளரையும் குடித்தீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. கோபமும் வருகிறது. அதையும் எழுதாமல் விட மாட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை? முருகேசனுக்குத் தெரிந்திருக்கிறது, மயில்சாமிக்குத் தெரிந்திருக்கிறது, கூடப் படுத்தவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வேன்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றிருப்பேன். இருந்த ஒன்றேகால் வருடமாவது உங்கள் ஆசைப்படி ஸ்டீரிங் வரைக்கும் வாசம் வந்திருக்கும். அதற்குப் பிறகு நான் எந்த ஹாலில் கிடந்தால் என்ன?

இப்படி நினைப்பேன் என்று தெரிந்துதானே சொல்லாமல் விட்டீர்கள். உங்களை யாரால் திருத்த முடியும்?

அன்றைக்கு மேலே ஏறும்போது சின்னார் சோதனைச் சாவடியில், "வீடு எவிடெயா?" என்று கேட்டார்கள். முருகேசன் என்னைப் பார்த்தான். என் கட்டை விரல் தானாகத் தோளுக்குப் பின்னால் போனது.

குளிரும் வெயிலும் இங்கேயே போயிற்று. முருகன் கோயிலுக்குக் கீழே நாம் எப்போதும் நிறுத்துகிற இடத்தில்தான் வீடு நிற்கிறது. கோயில் கமிட்டிக்கு மறுபடி ஒரு மனு எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். இப்போது வைகாசி முடியப் போகிறது. தொடுபுழைப் பக்கம் மேகம் கறுத்துவிட்டது. இன்றைக்குச் செல்வன் வருகிறான், தீவனத்தை இறக்கிவிட்டு. அவனுடைய நான்கு ஓட்டைக்கு இன்று முதல் நாள். அதற்காகத்தான் காலையில் கிரீஸ் டப்பாவைத் திறந்தேன்.

மனுவை முடிக்க வேண்டும். ஆகவே, மேற்படி சண்டையில் நான் ஜெயித்ததாக லயம் முழுக்கச் சொல்லி வைத்ததை இதன்மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜெயித்தது நீங்கள். எனக்கு வீடு தனியாக வேண்டும் என்று நான் கேட்டது எஞ்சினிலிருந்து. நீங்கள் உங்களிடமிருந்தே அதைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவ்வளவு தனியாக நான் கேட்கவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.

கீழே செல்வன் ஹார்ன் அடிக்கிறான். போல்ட்டுகளைத் தேயிலை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போகிறேன்.

மீதியை மறையூரிலிருந்து எழுதுகிறேன். ரோடு அகலமாக இருக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

மாட்டியது நான்தான். தட்டைத் தூக்கத்தான் ஆள் வேண்டும், மற்றதெல்லாம் நான். தட்டைத் தூக்கி வைத்த கையோடு செல்வன் மற்றதற்கும் உதவ வந்தான். "நீ ஏறி உக்காரு" என்று அனுப்பிவிட்டேன். நான்கு போல்ட்டும் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்துக் கேட்டேன். லாக் விழுந்தது. அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏறினேன்.

வரும் வழியெல்லாம் ஒரு நினைப்பு என்னை அரித்துக்கொண்டே வந்தது. நாம் சேர்ந்து ஏறி இறங்கிய காலத்தில் வழியில் நிறுத்தினால் கடை டீதான். "உள்ள அடுப்பு இருக்கையில கட எதுக்கு புள்ள?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். "ரோட்டுல நிறுத்தி, திறந்து, பத்த வச்சு, கழுவி… யாரால முடியும்?" என்றேன். நீங்கள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஒரே ஒரு நாள் அந்த அடுப்பைப் பற்ற வைத்திருக்கலாம் நான்.

இன்று இறங்கிப் பின்னால் வந்தேன். வழக்கம்போல முதலில் பழைய கதவுப் பக்கம் போய்விட்டு, தலையில் அடித்துக்கொண்டு இடது பக்கம் வந்தேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் நம் பாக்டரித் தூளை இரண்டு கரண்டி போட்டேன். கட்டில் பக்கத்து முன்ஜன்னலைத் திறந்து விட்டேன். அதற்கு நேர் எதிரே பிக்கப்பின் பின்கண்ணாடி, நகர்த்தித் திறந்து வைத்திருந்தது. செல்வன் ஸ்டீரிங்கில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் தலையைத் தூக்கினான். மூக்கை உறிஞ்சினான். திரும்பாமலே கேட்டான்.

"ஏனுங்க்கா, டீ போடறீங்களா? வாசம் இங்க வரைக்கும் வருதுங்."

வருகிறதாம்.